ஆறு வருடத்தில் என் கிட்டாரில் மாற்றியதும் திரும்பக் கழற்றியதும்

மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும், காந்தமும் ஒற்றைக் கம்பிச்சுருளும் கொண்ட பாகம்) உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார் என்னுடையது. வாங்கிய நாளிலிருந்தே பிரிட்ஜ் பிக்கப்பின் (தந்திகள் முடியும் பிரிட்ஜை ஒட்டி இருப்பது) சத்தம் ஒத்துவரவில்லை. காதில் ஊசி இறங்குவது போல இருக்கும். பிக்கப்தான் மட்டம் என்று முடிவுகட்டி, அதே குழியில் உட்காரும் சின்ன ஹம்பக்கர் (ரீங்காரத்தை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) ஒன்றைப் போட்டேன். அது நடந்து ஆறு வருடமாகிறது.

முதல் மாதம் சந்தோஷம்தான். ரீங்காரம் போயிற்று, டிஸ்டார்ஷனில் சத்தம் தடித்து வந்தது. ஆனால் டிஸ்டார்ஷன் இல்லாமல் கிளீனாக வாசித்தால் போர்வைக்குள் பேசுவது போல மந்தம். காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. கிட்டாரில் இருந்தது 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை). சிங்கிள் காயிலுக்கு அது பொருத்தம். ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500. நாபை முழுக்கத் திறந்து வைத்தாலும் பாட்டின் மின்தடை பிக்கப்பின் மேல் சுமையாகவே இருக்கும். அந்த மின்தடை குறையக் குறைய ட்ரெபிள், அதாவது ஒலியின் கூர்மையான மேல் பகுதி, மழுங்கும். சரி, 500 போடலாமென்றால் மற்ற இரண்டு பிக்கப்பும் கீச்சிட ஆரம்பித்தன.

இந்த இழுபறியில்தான் ஒரு நாள் வயரிங்கை நிதானமாகப் பார்த்தேன். இந்த வகைக் கிட்டாரின் பழைய வயரிங்கில் கழுத்தை ஒட்டிய நெக் பிக்கப்புக்கு ட்ரெபிளைக் குறைக்கும் டோன் நாப் ஒன்று, நடு பிக்கப்புக்கு ஒன்று. பிரிட்ஜுக்கு ஒன்றுமே கிடையாது! இத்தனை நாள் நான் திட்டிய பிக்கப்பின் கூர்மையைக் குறைக்க என் கையில் வழியே இருந்ததில்லை. பழைய பிக்கப்பையும் 250 பாட்டையும் திரும்ப மாட்டினேன். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் டோன் பக்கத்தில் நடு பிக்கப்புக்கான முனையிலிருந்து, சும்மா கிடந்த பிரிட்ஜ் முனைக்கு ஒரு துண்டுக் கம்பியைச் சோல்டர் செய்தேன். இரண்டாவது டோன் நாப் இப்போது பிரிட்ஜுக்கும் வேலை செய்கிறது. அதை 6, 7-இல் வைத்தால் ஊசி போய்விடுகிறது. செய்த எல்லாவற்றிலும் இதுதான் பெரிய மாற்றம்.

அடுத்தது ஸ்க்ரூடிரைவர் மட்டும் கேட்கிற வேலை: பிக்கப் உயரம். நெக் பிக்கப்பின் தடித்த தந்திப் பக்கம் மிக உயரத்தில் இருந்தது. காந்தம் தந்தியை இழுத்ததால் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி தள்ளாடியது. கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி, தந்திக்கும் காந்தத்துக்கும் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி வருமாறு இறக்கினேன், தள்ளாட்டம் நின்றது. பிக்கப் மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

டோன் நாபோடு சேர்ந்து ட்ரெபிளைக் குறைக்கும் கெப்பாசிட்டர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 0.047 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 0.022 போட்டேன், டோனைக் குறைக்கும்போது முழுதும் இருண்டுவிடாமல் இருக்கிறது. எண்ணெய்க் காகித வகையில் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். அதே மதிப்புள்ள சாதாரணத்துக்கும் அதற்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிளும் கூடவே போகிறதே என்று ட்ரெபிள் ப்ளீட் (வால்யூம் பாட்டைத் தாண்டி ட்ரெபிளை மட்டும் கடத்திவிடும் சின்ன இணைப்பு) போட்டு ஒரு வருடம் வைத்திருந்தேன். குறைந்த வால்யூமில் சத்தம் எலும்பும் தோலுமாகிப் போனது. கழற்றிவிட்டு, 6 மீட்டர் கேபிளுக்குப் பதில் 3 மீட்டர் வாங்கினேன். கேபிளின் கொள்திறனும் ட்ரெபிளைத் தின்னும்; மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்தாலும் அது சின்ன விஷயமில்லை.

வெளி இரைச்சலைத் தடுக்க, பிக்கப்பும் வயரிங்கும் இருக்கும் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டிய அன்று மானம் போயிற்று. எல்லாம் மூடித் தந்தி கட்டி ஆம்ப்பில் சொருகினால் சத்தமே இல்லை. ஜாக்கின் சிக்னல் முனை தகட்டில் உரசி ஷார்ட் ஆகியிருந்தது. இன்சுலேஷன் டேப் ஒட்டியதும் சரியானது. பரபரவென்ற இரைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் கரண்ட் லைனின் ரீங்காரம் அப்படியே இருக்கிறது. அதைக் காயிலே பிடிக்கிறது, தகடு என்ன செய்யும்? என் நடு பிக்கப் எதிர்ச் சுற்று, எதிர்க் காந்தம் உள்ளது. அதனால் அது பக்கத்துப் பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2, 4 நிலைகளில் மட்டும் இரண்டின் ரீங்காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அமைதி.

இன்னொன்று: பாட்டின் முதுகில் எர்த் கம்பியைச் சோல்டர் செய்ய 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடேறக் காத்திருந்தே ஒரு பாட்டைப் பொசுக்கினேன். 40 வாட்டில் பட்டென்று வைத்து எடுத்தால் முடிந்தது.

ஹம்பக்கர் இழுப்பறையில் கிடக்கிறது. இன்னொரு கிட்டார் வந்தால் 500 பாட்டோடு அதில் போடுவேன்.