கிரேட்டுக்குள் என்ன இருக்கு?

பாலக்கோடு மண்டியில் கிரேட் என்றால் தக்காளி. என் அக்கா பையனுக்குக் கிரேட் என்றால், செல்போன் விளையாட்டில், உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கட்டித் திறக்கும் பெட்டி. ஏழாவது படிக்கிறான். அக்கா போனில் பணம் அனுப்பும்போது பின் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டு, கோடை லீவில் 1,140 ரூபாய்க்குப் பெட்டி திறந்திருக்கிறான். வந்தது ஒரு மஞ்சள் சட்டையும் ஒரு தொப்பியும். அதுவும் திரைக்குள்! “இன்னும் ஒண்ணு திறந்திருந்தா கன் ஸ்கின் வந்திருக்கும் மாமா” என்றான். விளையாட்டுத் துப்பாக்கிக்குப் போடும் அலங்காரமாம் அது.

திட்டி முடித்தபிறகு, எந்த விளையாட்டு எப்படிக் காசு வாங்குகிறது என்று அவனோடு உட்கார்ந்து பார்த்தேன்.

விளம்பரம் காட்டுகிறவை பரவாயில்லை. நேரமும் டேட்டாவும் போகும், அவ்வளவுதான். கேண்டி கிரஷ் வகை வேறு: ஐந்து உயிர், போன உயிர் திரும்ப அரை மணி நேரம், காத்திருக்க முடியாதவன் காசு கட்டலாம். பொறுமைக்கு விலை. ஆனால் எதற்குக் கட்டுகிறோம் என்றாவது தெரிகிறது.

நேராக உடை விற்பவையும் எனக்கு ஏறக்குறைய சம்மதமே. உறுத்துவது அந்த ‘வைரக்’ கணக்கு: ரூபாய் கொடுத்து முதலில் வைரம் வாங்க வேண்டும், அந்த வைரத்தைக் கொடுத்துத்தான் உடை. சட்டை 300 வைரம், வைரம் விற்கும் பாக்கெட்டோ 260 அல்லது 520 என்று வையுங்கள். மிச்சம் எப்போதும் கையில் நிற்கும், அடுத்த பாக்கெட்டுக்கு இழுக்கும். ரூபாயில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பெட்டி கதையே வேறு. மண்டியிலும் மேலே பளபளவென்று அடுக்கி, அடியில் நசுங்கியதைத் தள்ளுகிறவர்கள் உண்டு. ஆனால் கையை விட்டு அடிப்பழத்தை எடுத்துப் பார்க்கலாம். இங்கே அது முடியாது. பெட்டி விற்றால் எது எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று காட்ட வேண்டும் என 2017-லேயே ஆப்பிள் நிறுவனம் விதி போட்டது. 0.5% என்று போட்டால் பையன் 200 பெட்டியில் ஒன்று நிச்சயம் என்று நினைக்கிறான். கணக்குப் போட்டால், 200 திறந்தும் மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கைதான். பெல்ஜியம் 2018-ல் இதைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2012-ல், இதில் ஒரு வகையை ஜப்பான் தடுத்தது.

ஒரே தடவை காசு கட்டி வாங்குவதுதான் நேர்மையானது. ஆனால் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மான்யுமென்ட் வேலி என்ற நேர்விலை விளையாட்டு 2014-ல் கூடுதல் அத்தியாயங்களுக்குத் தனியாகக் கொஞ்சம் காசு கேட்டதற்கு, ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியவர்கள் உண்டு. இப்படியிருந்தால் எவன் நேர்விலை வைப்பான்?

அக்கா பின் நம்பரை மாற்றிவிட்டாள். நான் அந்த மான்யுமென்ட் வேலியையே வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போனை நீட்டினான்.

“இவ்வளவுதானா மாமா?”