மக்காச்சோள வயலில் பிரெய்ரிப் பட்டை: சிபி-43 திட்டம் கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலம் ஒரு காலத்தில் ஐந்தில் நான்கு பங்கு பிரெய்ரிப் புல்வெளியாக இருந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். அந்த வயல்களுக்குள் நாட்டுப் புல்லையும் பூச்செடிகளையும் பட்டைகளாகத் திரும்பக் கொண்டுவருகிற விவசாயிக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வரை ஆண்டுதோறும் பணம் தருகிறது சிபி-43. அமெரிக்க அரசு 1985-இல் தொடங்கிய நிலப் பாதுகாப்புத் திட்டத்தில், 2018 வேளாண் சட்டத்துக்குப் பின் சேர்ந்த பிரிவு இது. விதைப்புச் செலவில் பாதி வரை தனியாகக் கிடைக்கும்.

திட்டத்துக்கு அடிப்படை, அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் நீல் ஸ்மித் வனவிலங்குக் காப்பகத்தில் 2007 முதல் நடத்திய சோதனை. சரிவான வயலில் 10 சதவீதத்தைப் பட்டையாக மாற்றியதில் மண் அரிப்பு 95 சதவீதமும், பாஸ்பரஸ் இழப்பு 77 சதவீதமும், வழிந்தோடும் நீர் 37 சதவீதமும் குறைந்தன. மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் 3.5 மடங்கும், பறவைகள் 2.1 மடங்கும் ஆயின. மீதி 90 சதவீதத்தில் ஏக்கர் விளைச்சல் குறையவில்லை. ஆக, விளைச்சலில் விவசாயி இழப்பது அந்த 10 சதவீதத்தின் வருமானம் மட்டுமே.

எந்த 10 சதவீதம் என்பதில்தான் காசு இருக்கிறது. அறுவடை இயந்திரத்தின் விளைச்சல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஓர் ஓரம் ஏக்கருக்கு 110 புஷல்தான் (மக்காச்சோளத்தில் ஒரு புஷல் சுமார் 25 கிலோ) தருகிறது, புஷல் 4 டாலர், விதை, உரம், களைக்கொல்லி, டீசல் எல்லாம் சேர்த்துச் செலவு 480 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குத்தகை கொடுப்பதற்கு முன்பே 40 டாலர் நஷ்டம். அந்த இடத்துக்கு அரசுப் பணமே லாபம். 220 புஷல் தரும் கரிசலில் கணக்கு தலைகீழ்: திட்டம் தரும் அடிப்படை ஆண்டுத் தொகைக்கு மாவட்டச் சராசரிக் குத்தகையில் 90 சதவீதம் உச்சவரம்பு. அங்கே பட்டை விட்டால் கைப்பணம் போகும்.

அடுத்தது அளவு. பட்டை குறைந்தது 30 அடி அகலம் வேண்டும். 30 அங்குல இடைவெளியில் 12 வரிசை விதைக்கும் கருவிக்கு அது சரியாக ஒரு நடை. இரண்டு பட்டைகளுக்கு இடையிலுள்ள பயிர்ப்பரப்பு, மருந்து தெளிப்பான் அகலத்தின் மடங்காக இருக்கட்டும்: 120 அடித் தெளிப்பான் என்றால் 120 அல்லது 240. இதைத் தவறவிட்டால் ஒவ்வொரு நடையிலும் விதையும் மருந்தும் மேலே மேலே விழும். பத்து ஆண்டும் அந்த வீண்செலவு தொடரும்.

விதைக்க ஏற்ற இடம் சோயா அறுத்த தாள். நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை விதைத்தால் பல பூச்செடி விதைகளுக்கு முளைக்கத் தேவையான குளிர் கிடைத்துவிடும். கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக் கூடாது. பல பட்டைகள் பொய்த்துப்போக ஆழமாக விதைப்பதே காரணம். உரம் போடாதீர்கள், அது களைக்குத்தான் தீனி. முதல் ஆண்டு களை ஒன்றரை அடி எட்டும்போதெல்லாம் அரை அடிக்கு வெட்டிவிட வேண்டும். அந்த ஆண்டு பார்க்கக் களைக்காடு மாதிரிதான் இருக்கும். பிரெய்ரிச் செடி அப்போது வேரைத்தான் வளர்க்கிறது. பயந்துபோய் அகன்ற இலைக் களைக்கொல்லி அடித்தால் பூச்செடி மொத்தமும் போய்விடும். மூன்றாம் ஆண்டில் தோற்றம் மாறும். செடி நிலைத்த பிறகு, மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் கூடு கட்டும் காலம், வெட்டக் கூடாது.

விதைப் பையில் கஞ்சத்தனம் வேண்டாம். 2016-இல் அயோவாவில் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த நிலங்களுக்கு வந்த விதைக் கலவையோடு பால்மர் அமராந்த் என்ற முரட்டுக் கீரைக்களையும் வந்து இறங்கியது. அந்தக் களை இல்லை என்ற பரிசோதனைச் சான்று கேட்டே வாங்குங்கள்.

இரண்டு குறைகள். நிலத்தடி வடிகுழாய் பதித்த தட்டை வயலில், நைட்ரேட் பட்டையின் வேருக்கு எட்டாமல் குழாய் வழியே நேராக ஓடைக்குப் போய்விடும். அங்கே இந்தத் திட்டத்தால் தண்ணீர் பெரிதாகச் சுத்தமாகாது. இன்னொன்று, அயோவாவில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். குத்தகை பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு, ஒப்பந்தமோ குறைந்தது பத்தாண்டு. அரசுத் தொகை யாருக்கு, பட்டையை வெட்டும் வேலை யாருக்கு, பட்டைக்குப் போன ஏக்கருக்குக் குத்தகையில் எவ்வளவு கழிவு என்பதை நில உரிமையாளரிடம் எழுதி வாங்கிய பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.