ஹெப்-2-ஓ ஸ்மார்ட்ஸ்லீவ்: கையில் தெரியும் அந்தக் கடகடப்பு

பின் அறை ரேடியேற்றரை நானே மாற்றிப் பூட்டி அப்போது மூன்று கிழமை ஆகியிருந்தது. பொயிலரின் அழுத்தமுள் நிற்கவில்லை. 1.5 பாரில் விட்டால் மூன்றாம் நாள் ஒன்றுக்குக் கீழே. லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்களுடையது பழைய வீடு. நிலப்பலகையைக் கிளப்பிப் பார்த்தால், குழாய் வளைகிற இடத்தில் பூட்டின எல்போவுக்குக் கீழே மரம் கறுத்து ஊறிக் கிடந்தது.

எங்கள் தெருவில் கனகாலமாகப் பைப் வேலை செய்யும் அண்ணை ஒருவர் இருக்கிறார். வந்து குந்தியிருந்து எல்போவைக் கழற்றி, குழாய் முனையை ரோச் வெளிச்சத்தில் காட்டினார். "தம்பி, ஃபிற்றிங் ஹெப்-2-ஓ. உள்ளுக்கை நீ போட்ட இன்சேட் எந்தக் கொம்பனி?"

ஹெப்-2-ஓ என்பது குழாயைத் தள்ளிப் பூட்டும் ஃபிற்றிங்கின் பெயர்; இன்சேட் என்பது பிளாஸ்ரிக் குழாயின் முனைக்குள் செருகும் சின்னக் குழல். அது எந்தக் கொம்பனி என்று எனக்குத் தெரியாது. பெயரில்லாத பையில் வாங்கினது, "15 மிமீ" என்று மட்டும் போட்டிருந்தது. அதன் கழுத்து தடிப்பு. அதனால் குழாய் அடிவரை போகாமல் இடையில் நின்றுவிட்டது. அளந்து பார்த்தோம், 3 மிமீ குறை.

பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் இளகும். உள்ளே தாங்க ஒன்றில்லாவிட்டால், வெளியிலிருந்து பிடிக்கும் பல்வளையம் நெரிக்க வட்டம் கெட்டுவிடும். பிறகு ரப்பர் வளையம் சரியாக ஒட்டாது. இன்சேட் அந்த வட்டத்தைக் காக்கிற சாமான். அளவு ஒன்றென்றாலும் கழுத்துத் தடிப்பும் நீளமும் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. ஃபிற்றிங் யாருடையதோ இன்சேட்டும் அவர்களுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

ஆகவே ஹெப்-2-ஓவுக்கே உரிய இன்சேட்டான ஸ்மார்ட்ஸ்லீவ் வாங்கினேன். அதன் வாய்விளிம்பு பல்லுப்பல்லாக இருக்கும். குழாயில் செருகி, ஃபிற்றிங்குக்குள் தள்ளி, குழாயை மெல்லத் திருப்பினால் கடகடவென்று ஒரு அதிர்வு விரலுக்குத் தெரியும். அடிவரை போய்விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. பலகைக்குக் கீழே, கண் எட்டாத மூலையில், கையை மட்டும் விட்டு வேலை செய்கிறவனுக்கு இது பெரிய உதவி. முதல்தரம் அது கையில் தட்டுப்பட்டபோது எனக்கு மூச்சு வந்தது.

செப்புக் குழாய்க்கு இன்சேட் தேவையில்லை, அதனால் அந்த அதிர்வும் வராது. அங்கே குழாய் எவ்வளவு ஆழம் உள்ளே போகவேண்டுமோ அந்த இடத்தில் பேனாவால் கோடு கீறித்தான் பார்க்கவேண்டும்.

ஸ்பீட்ஃபிற் என்ற இன்னொரு வகை ஃபிற்றிங்கின் சூப்பர்சீல் இன்சேட்டும் நல்ல சாமான்தான். அதிலேயே ரப்பர் வளையங்கள் இருப்பதால் இரண்டாவது அடைப்பும் கிடைக்கும். ஆனால் அது ஸ்பீட்ஃபிற் ஃபிற்றிங்குக்கு உரியது. "நல்லது" என்று எடுத்து ஹெப்-2-ஓவுக்குள் போடாதீர்கள்.

இன்னொன்று: ஈர்வாளால் அறுக்காமல் குழாய் வெட்டியால் நேராக வெட்டுங்கள், பிசிறு ரப்பரைக் கிழிக்கும். ரேடியேற்றருக்கு ஒட்சிசன் தடுக்கும் பரியர் குழாயே வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகுந்து உள்ளிரும்பு துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகும்.

எங்கள் முன்னறையில் பழைய ஸ்பீட்ஃபிற் இருக்கிறது. இரண்டு இன்சேட்டையும் இரண்டு ஜாம் போத்தலில் பிரித்து, பெயரெழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பெயரில்லாத பையைக் குப்பையில் போட்டாயிற்று. முள் இரண்டு மாதமாக 1.5-இல் நிற்கிறது.