‘புதிய பேட்டரி’ என்று பில், உள்ளே பழைய மாட்யூல்கள்: ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பத்தாண்டுகளைத் தாண்டிய, எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காரைப் பழுதுபார்த்து ஓட்டுவதா, வந்த விலைக்கு விற்றுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், முடிவெடுக்கும் முன் இந்தப் பதிவை முழுவதுமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஹைபிரிட் கார்களில் தேர்ச்சி பெற்றதாக விளம்பரம் செய்துகொள்ளும் ஒரு பட்டறை, என் காரில் புதிய பேட்டரி பொருத்தியதாகப் பில் கொடுத்து முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டது. உள்ளே இருந்தவையோ வெவ்வேறு பழைய கார்களிலிருந்து கழற்றப்பட்ட மாட்யூல்கள், அதாவது பல செல்கள் அடங்கிய பேட்டரித் துண்டுகள். சில மாதங்களில் அது மறுபடியும் பழுதானபோது, காரையே அடிமாட்டு விலைக்குத் தங்களுக்குத் தெரிந்தவரிடம் விற்கும்படி அதே பட்டறை என்னை நெருக்கியது. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரைவிட, இது எப்படி நடத்தப்படுகிறது என்பதே மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில் எரிந்தது டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை முக்கோணம். பட்டறையில் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்ததும் பி0ஏ80 என்ற பிழைக்குறி வந்தது. ஹைபிரிட் பேட்டரி பேக்கை மாற்றுக என்பதே அந்தக் குறியின் விளக்க வாசகம். உரிமையாளர் அந்த ஒற்றை வரியை என்னிடம் காட்டி, “காரே சொல்லுது சார், இதுக்கு மேல நான் என்ன சொல்ல?” என்றார். இப்படியே ஓட்டினால் பேட்டரி எந்த நேரமும் வெடிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த இரண்டு கூற்றுகளையும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா ஏமாற்றும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பழைய ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் ஓடுபவை. எடுத்துக்காட்டாக, 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸிலும் 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் இந்த வகை பேக்கில் 28 மாட்யூல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாட்யூலிலும் 1.2 வோல்ட் கொண்ட 6 செல்கள் இருப்பதால் ஒன்றுக்கு 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். காரின் கணினி இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாகக் கண்காணிக்கிறது. ஒரு தொகுதியின் மின்னழுத்தம் மற்றவற்றிலிருந்து அளவுக்கு மீறி விலகினால் பிழைக்குறி எழுகிறது. அந்த விலகலுக்குக் காரணம் செத்துப்போன ஒரு செல்லாக இருக்கலாம். மாட்யூல்களை இணைக்கும் செப்புப் பட்டைகளில், அதாவது பஸ்பார்களில், ஏறிய பச்சைக் களிம்பாகவும் இருக்கலாம். குறி என்பது விசாரணையைத் தொடங்கச் சொல்லும் அறிவிப்பே தவிர, அதுவே தீர்ப்பாகிவிடாது. வெடிக்கும் என்ற பயமுறுத்தலைப் பொறுத்தவரை, இவ்வகை பேட்டரியில் இருப்பது நீரில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. லித்தியம் பேட்டரிகளில் உள்ளதுபோல எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவம் அதில் இல்லை. எச்சரிக்கை விளக்கோடு நீண்ட நாள் ஓட்டக் கூடாது என்பது உண்மை. ஆனால் இன்றைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் எதுவும் அதில் கிடையாது.

கார் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்த வேலையும் நடக்காது என்பதால், பேட்டரியை மாற்றச் சம்மதித்தேன். பில்லில் ‘ஹைபிரிட் பேட்டரி – புதியது’ என்று எழுதினார்கள். ஓராண்டு வாரண்டி உண்டு என்றார்கள். பில்லின் பின்புறம் சிறிய எழுத்தில், பிழை வந்தால் பழுதான மாட்யூல் மட்டும் மாற்றித் தரப்படும், பணம் திருப்பித் தரப்படாது, கழற்றி மாட்டும் கூலி தனி என்று அச்சிட்டிருந்தது. உண்மையிலேயே புதிய பேக்கை விற்பவர் ஒற்றை மாட்யூலை மாற்றித் தருவதாக எழுத வேண்டிய தேவையே இல்லை. இந்த ஒரு வரியைப் பில்லில் பார்க்கிறவர்கள் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, கழற்றிய பழைய பேட்டரியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பில்லில் ஒரு சொல்கூட இல்லை. பழைய பேக்குக்கும் மதிப்பு உண்டு. அதில் உள்ள நிக்கல் மறுசுழற்சிக்குப் போகும். நல்ல நிலையில் உள்ள மாட்யூல்கள் அடுத்த வாடிக்கையாளரின் காருக்குப் போகும். பழைய பேக்கைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் ஒரு பகுதியைக் கழிப்பது இந்தத் தொழிலில் வழக்கமான நடைமுறை. என் பில்லில் அப்படி எந்தக் கழிவும் இல்லை.

சில மாதங்களில் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. பட்டறைக்குப் போனபோது வாரண்டியைப் பற்றிய பேச்சை எடுக்கவே விடவில்லை. இப்போது பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரும் போய்விட்டது, அதுதான் புது பேட்டரியைக் கெடுத்துவிட்டது, இரண்டையும் மாற்றினால் காரின் விலையைத் தாண்டிவிடும், அதனால் இந்த வண்டியை விற்றுவிடுவதே நல்லது என்றார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரு புரோக்கர் வந்து நின்றார். காரைச் சுற்றிக்கூட வராமல் ஒரு விலை சொன்னார். மாலைக்குள் சம்மதித்தால்தான் அந்த விலை என்றார். பழுது என்னவென்று சொல்பவரும், அதைச் சரிசெய்யப் பணம் வாங்குபவரும், வண்டியை வாங்க ஆள் கொண்டுவருபவரும் ஒருவரே என்றால், அவருடைய வாயிலிருந்து வரும் எந்த முடிவும் உங்களுக்காகச் சொல்லப்பட்டது அல்ல. நான் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்துப் போனது, பேட்டரியும் விற்காத, பழைய கார் வியாபாரமும் செய்யாத, பரிசோதித்துச் சொல்வதற்கு மட்டும் கட்டணம் வாங்கும் ஒரு தொழில்நுட்பரிடம். அவர் பிழைக்குறியோடு நிற்கவில்லை. ஸ்கேனரை இணைத்தபடியே காரை ஏற்றத்தில் வேகமாக ஏற்றியும், இறக்கத்தில் பிரேக் பிடித்தும், ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தமும் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். நின்றிருக்கும் காரில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் நோஞ்சான் மாட்யூலும் நல்ல மாட்யூலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். சுமை ஏறும்போதுதான் பலவீனமானது சரிந்து விழும். என் காரில் சில தொகுதிகள் ஏற்றத்தில் சட்டென்று கீழே இறங்கியதை நானே திரையில் பார்த்தேன். முந்தைய பட்டறை இந்தத் திரையை எனக்கு ஒரு முறைகூடக் காட்டியதில்லை.

பிறகு ரப்பர் கையுறை அணிந்து, பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடிவதற்காக 10 நிமிடம் காத்திருந்து, பேட்டரி உறையை என் முன்னாலேயே திறந்தார். இந்த வேலையை யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் ஓடுவது உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம். உள்ளே மாட்யூல்களில் அச்சிடப்பட்டிருந்த வரிசை எண்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தன. சிலவற்றின் மீது யாரோ மார்க்கர் பேனாவால் எழுதிய குறிப்புகள் அப்படியே இருந்தன. இரண்டு மாட்யூல்கள் பக்கவாட்டில் உப்பியிருந்தன. பஸ்பார்களில் களிம்பு படிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. பின் இருக்கையின் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரத்திலும், பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேனிலும் தூசியும் நூலிழைகளும் அடைத்துக் கிடந்தன. வெப்பம்தான் இந்த பேட்டரிகளின் முதல் எதிரி. அந்த ஃபேனைச் சுத்தம் செய்யாமல் எந்த பேட்டரியை வைத்தாலும் அது சீக்கிரம் கெடத்தான் செய்யும்.

வெவ்வேறு கார்களில் வெவ்வேறு அளவு தேய்ந்த மாட்யூல்களை ஒரே பேக்கில் கோப்பது, இளங்காளையையும் கிழமாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது. தொடர் இணைப்பு என்பதால் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது. கொள்ளளவு குறைந்தது முதலில் காலியாகிறது, சார்ஜ் ஏறும்போதும் அதுவே முதலில் நிரம்பிச் சூடாகிறது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், அடுத்து நலிந்தது சில மாதங்களில் விழும். மாட்யூல்களை முறையாகச் சோதித்து, கொள்ளளவு ஒத்தவற்றைத் தேர்ந்து, பஸ்பார்களைச் சுத்தம் செய்து, மறுசீரமைக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. காரை இன்னும் கொஞ்ச காலமே வைத்திருக்கப் போகிறவருக்கு அது நியாயமான தேர்வாகவும் இருக்கலாம். ஆனால் புதியது என்று எழுதிப் புதியதின் விலையை வாங்குவது மோசடி.

இன்வெர்ட்டர் போய்விட்டது என்ற கதையும் அன்றே பொய்யானது. இன்வெர்ட்டர் தொடர்பான எந்தக் குறியும் கணினியில் பதிவாகவில்லை. அதற்கென்று தனியாக உள்ள, குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே திரவம் கலங்கி ஓடுவதைக் காட்டினார். அதை ஓட்டும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னால் உள்ள 12 வோல்ட் குட்டி பேட்டரியையும் சோதித்தார். அது தளர்ந்தால் தொடர்பே இல்லாத எச்சரிக்கை விளக்குகளெல்லாம் எரியும் என்றும், அதை வைத்தே பெரிய பேட்டரிக்குப் பில் போடுபவர்களும் உண்டு என்றும் சொன்னார்.

இதற்குப் பிறகுதான், பழுதுபார்ப்பதா விற்பதா என்ற கேள்வியைத் தெளிவான கண்ணோடு பார்க்க முடிந்தது. பழுதுபார்க்கும் செலவு காரின் சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு என்ற கணக்கைப் பலரும் சொல்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. விளக்கு எரிகிற காரை விற்றால், வாங்குபவர் பேட்டரியின் முழு விலையையும், அதற்கு மேல் தன் அச்சத்துக்கு ஒரு தொகையையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். விற்ற பணத்தோடு இன்னும் எவ்வளவு சேர்த்தால் இதற்கு ஈடான வேறொரு கார் கிடைக்கும், அந்தக் காருக்குள் என்ன பழுது ஒளிந்திருக்கிறது என்பது யாருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். புதிய பேக்கின் செலவை, இந்தக் கார் இன்னும் எத்தனை ஆண்டு நம்பகமாக ஓடும் என்ற எண்ணால் வகுத்துப் பார்ப்பதே பொருத்தமான ஒப்பீடு.

அந்த எண்ணைத் தீர்மானிப்பது பேட்டரி அல்ல, மற்ற பாகங்கள். எஞ்சின் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், அதில் புதிய பேட்டரி வைப்பது பணத்தை வீணாக்குவதாகும். மூன்றாம் தலைமுறை பிரியஸில், வெளியேறும் புகையின் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் பாதையில் கரி அடைத்துக்கொள்வதும், எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் மூடும் ஹெட் கேஸ்கெட் பழுதாவதும் பரவலாகப் பேசப்படும் கோளாறுகள். காலையில் குளிர்ந்த எஞ்சின் முதலில் கிளம்பும்போது கடகடவென்று அதிர்ந்தாலோ, வெளியே கசிவு தெரியாமலேயே கூலன்ட் குறைந்துகொண்டு வந்தாலோ, பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் அதைப் பார்க்க வேண்டும். கூலன்ட்டில் எரிபுகை கலந்திருக்கிறதா என்று காட்டும் வேதிச் சோதனையும், கூலன்ட் பாதைக்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் எளியவை. இவற்றோடு எஞ்சின் ஆயில் எவ்வளவு குறைகிறது, அடிப்பாகத்தில் துரு எந்த அளவு, பிரேக் அழுத்தத்தைத் தரும் பம்ப் அடிக்கடி ஓடுகிறதா என்பதையும் பார்த்தோம். இவ்வகை ஹைபிரிட்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேடுகளும் மெதுவாகத்தான் தேய்கின்றன. சாதாரணக் காரில் இந்த வயதில் வரக்கூடிய சில செலவுகள் இதில் வரவே வராது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். என் காரின் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. உற்பத்தியாளரின் முத்திரையோடு வந்த புதிய பேக்கை, அதன் வரிசை எண்ணைப் பில்லில் எழுத வைத்து, பழையதைத் திருப்பிக் கொடுத்ததற்கான கழிவையும் பெற்று, பொருத்திக்கொண்டேன். கார் இப்போது ஓடுகிறது. எஞ்சின் சோதனையில் தேறாமல் போயிருந்தால், அந்தப் பரிசோதனை அறிக்கையை வெளிப்படையாகக் காட்டியே விற்றிருப்பேன். அறிக்கை இல்லாத காரைவிட அதற்கு நல்ல விலை கிடைக்கும்.

விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு. ஸ்கேனரால் குறியை அழித்தால் விளக்கு சில நாட்களுக்கு அணைந்துவிடும். பழைய ஹைபிரிட்டை வாங்கப் போகிறவர்கள், காரின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் முடியாத நிலையில் இருந்தால், யாரோ அண்மையில் நினைவை அழித்திருக்கலாம், அல்லது குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். என்னிடமிருந்து காரை வாங்கத் துடித்த அந்தப் புரோக்கர், இதே முறையில்தான் அதை இன்னொருவர் தலையில் கட்டியிருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் பட்டறைக்கு, திறந்த பேட்டரியின் படங்கள், வரிசை எண்களின் பட்டியல், தொழில்நுட்பரின் கையொப்பமிட்ட அறிக்கை, அவர்கள் கொடுத்த பில் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். உப்பிய மாட்யூல்களை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று பதில் வந்தது; மறுத்துவிட்டு நுகர்வோர் புகார் அளித்திருக்கிறேன். அந்த மாட்யூல்கள் இருந்த பேக்கைச் சாட்சியப் பொருளாகப் படமெடுத்து, ஒவ்வொரு எண்ணையும் குறித்துக்கொண்ட பிறகே புதிய பேக்கை விற்றவரிடம் ஒப்படைத்தேன். இதே போன்ற பில் கையில் இருப்பவர்கள், வாரண்டிக் காலம் முடிவதற்குள் ஒரு வெளியாளிடம் பேட்டரி உறையைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே உள்ள எண்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறையைத் திறந்தால் வாரண்டி செல்லாது என்று பட்டறை சொல்லுமானால், அதை எழுத்தில் தரும்படி முதலில் கேளுங்கள்.