ஆன்கி: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஆங்கிலத் தலையங்கம் படித்தால் புரிகிறது, ஆனால் அதில் வரும் கனமான வார்த்தைகளில் ஒன்றுகூட நாம் எழுதும்போது கைக்கு வருவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் தாராளமாக ஆன்கி ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். நான் ஒன்றரை வருஷமாகத் தினமும் காலையில் கால் மணி நேரம் இதில் உட்காருகிறேன்.

கார்டுகளைப் புரட்டி மனப்பாடம் செய்வதற்கென்று 2006-ல் வந்த ஆப் இது. ஆன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம். கார்டின் முன்னால் கேள்வி, பின்னால் பதில். பதிலைப் பார்த்ததும் அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்று நாலு பட்டனில் ஒன்றை அழுத்தினால், தெரிந்த வார்த்தை நாலு நாள், பத்து நாள், ஒரு மாசம் என்று தள்ளித் தள்ளிப் போகும், தெரியாதது உடனே திரும்பி வந்து நிற்கும்.

யாரோ செய்து வைத்த டெக்கை, அதாவது கார்டுத் தொகுப்பை, மட்டும் இறக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், மூன்று மாசம் விடாமல் படித்தும் ஆபீஸ் மெயிலில் ஒரு வார்த்தைகூட வந்து விழவில்லை. அப்புறம் அதை அழித்துவிட்டு, நான் படித்த வாக்கியத்தையே போட்டு அந்தச் சொல்லை மட்டும் மறைத்து வைக்க ஆரம்பித்தேன். குளோஸ் என்ற கார்டு வகை இதற்கென்றே இருக்கிறது.

சாங்ஷன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்றால் அனுமதி கிடைத்துவிட்டது, ரஷ்யா மேல் சாங்ஷன்ஸ் என்றால் தடை. நான் இறக்கிய டெக்கில் 'அனுமதி. தடை' என்று ஒரே வரியில் இருந்தது, பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான். இரண்டு வாக்கியம், இரண்டு கார்டு என்று பிரித்துப் போட்டேன், பக்கத்தில் கடன் வந்தால் ஓர் அர்த்தம், நாடு வந்தால் இன்னோர் அர்த்தம் என்று தானாகப் பதிந்துவிட்டது.

ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு என்று செட்டிங்கில் இருக்கும், அதை 5 ஆகக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போய் நாலு நாள் விட்டாலே பழைய கார்டுகள் மலையாகக் குவிந்துவிடும். திரை ரொம்பச் சாதாரணமாக இருக்கும், செட்டிங் புரிய ஒரு சாயங்காலம் ஆகும், பரவாயில்லை.

கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதனால் முதலில் ஒரு மாசம் பிரவுசரில் ஆன்கிவெப் வழியாக இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.