வளவுக்குள் விழும் வெயில்: செட்டிநாட்டில் இருவருக்கு ஒரு கேமரா பை, நான்கு வருட அனுபவம்

பையில் இருப்பது இவ்வளவுதான்: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் பாடி ஒன்று, 10-18 வைட் லென்ஸ், 35 எம்எம் எஃப் 1.8, 55-210 ஜூம், 1.4 கிலோ அலுமினிய ட்ரைபாட், ஒரு சிபிஎல் ஃபில்டர் (மினுமினுப்பை வெட்டும் போலரைசர்), உள்ளங்கை அளவு கிரே கார்டு (நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டை), பேட்டரி மூன்று. பையோடு சேர்த்து நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பைக்கில் பின்னால் உட்காருபவர் நாள் முழுக்க முதுகில் சுமக்க இதற்கு மேல் தாங்காது. தீபாவளி லீவு, மார்கழி, பொங்கல், கோடை விடுமுறை என நான்கு வருடமாகக் காரைக்குடியைச் சுற்றியே ஓடிய பை இது. இதில் அதிகம் உழைத்தது ட்ரைபாட். அதிகம் ஏமாற்றியது சிபிஎல்.

செட்டிநாட்டு வீட்டின் வெளிச்சம் வளவில், அதாவது நடுமுற்றத்தில்தான் இருக்கிறது. முகப்பைத் தாண்டினால் திறந்த வளவு, அதைச் சுற்றிப் பத்தி எனும் தாழ்வாரம், பத்தியை ஒட்டி அறைகள். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் சித்திரை பிறந்த முதல் வாரத்திலும் ஆவணி முற்பகுதியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது வளவுத் தரை மட்டும் பளீரென்று எரியும், தூண்கள் இருண்டு போகும், படம் தேறாது. மார்கழி, தையில் நிலைமையே வேறு. உச்சியிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 57, 59 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்குக் கூரைக்கு மேலாக இறங்கும் வெயில் வடக்குப் பத்தியின் தூண்களில் பட்டுப் பாதிவரை ஏறும். இதற்காகவே கோடை விடுமுறையை விடப் பொங்கல் விடுமுறையைத் தேர்ந்தெடுக்கலாம். பொங்கல் சமயத்தில் இங்கே உச்சி 12.25 வாக்கில், கடிகாரத்தில் 12 ஆனதும் கிளம்பிவிட வேண்டாம்.

அளவாகச் சொன்னால், வெயில் விழுந்த வளவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்தால் ஷட்டர் 1/400 கேட்கும். அதே அமைப்பில் பத்தியின் உட்புறம் 1/15 கேட்கும். திறந்த கதவு வழியே தெரியும் அறை ஒரு விநாடி கேட்கும். எட்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது). ஒரே ரா ஃபைலில் (கேமரா பதிந்த மூலக் கோப்பில்) இதை இழுத்துப் பிடித்தால் தேக்குத் தூணின் கருப்பில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். பர்மாத் தேக்கின் வழவழப்பு போய்ச் சாக்குத் துணி போலத் தெரியும். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம் எடுத்துச் சேர்த்தால் சரியாக வருகிறது. சில பாடிகளில் இப்படி வெவ்வேறு எக்ஸ்போஷரில் தொடர்ந்து எடுக்கும் பிராக்கெட்டிங் மூன்று படத்துக்கு மேல் கிடையாது. அதில் முதலில் வெளிச்சத்துக்கு மூன்று, ட்ரைபாடைத் தொடாமல் எக்ஸ்போஷரை மட்டும் ஏற்றி இருட்டுக்கு மூன்று. வெயில் வளவில் இறங்கும் முன், காலை ஏழு முதல் எட்டரைக்குள் போனால் இந்தப் பாடே இல்லை, ஒரே படம் போதும். வீடு அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

உள்ளே எரியும் பல்பை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் சுண்ணாம்புச் சுவர் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் நிற்கும், பிறகு எதைத் திருத்தினாலும் இன்னொன்று கெடும். அணைக்க வழியில்லாத டியூப் லைட், எல்இடி இருந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மற்ற வேகங்களில் குறுக்கே பட்டை விழலாம். மேல் ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி இருந்தால் கிரே கார்டை அந்த வண்ணம் விழாத இடத்தில் பிடித்து எடுக்க வேண்டும். சுவரில் விழும் பச்சையும் சிவப்பும் அப்படியே இருக்கட்டும், அது அந்த வீட்டின் சொத்து.

ட்ரைபாடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் (கையால் வார்த்த சிமெண்ட் டைல்) பதித்த தரையில் கூர்முனைக் கால் வைப்பது பாவம். கீறல் விழுந்தால் போகாது. ரப்பர் குப்பி கட்டாயம். அந்த ரப்பர் இரண்டாவது வருடமே இறுகி, பளபளத் தரையில் வழுக்கத் தொடங்கியது. கால்கள் மெல்ல விரிவது கண்ணுக்குத் தெரியாது, ஐந்து படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போதுதான் தெரியும். இப்போது வருடத்துக்கு ஒரு முறை ரப்பரை மாற்றுகிறோம். திருகிப் பூட்டும் கால்களுக்குள் செம்மண் புழுதி ஏறினால் நறநறவென்று சத்தம் வரும். அப்படியே திருகினால் மரை தேயும். காலைக் கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒரு ராத்திரி உலரவிட்டு, மரையில் துளி கிரீஸ் தடவினால் ஆறு மாதம் ஓடுகிறது. நடுத்தண்டை உயர்த்தவே கூடாது, ஒரு விநாடி எக்ஸ்போஷரில் ஆடிவிடும். மாடியில் பலகைத் தளம் என்றால் யாராவது நடந்தாலே அதிரும். கூட வந்தவரை ஒரு இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

தூண்கள் மேலே கூம்பிப் போவது 10 எம்எம்-இல் எல்லோருக்கும் நடக்கும் பிழை. கேமராவை அண்ணாந்து பார்க்கவிடாமல் மட்டமாக வைத்து, உயரத்தை மட்டும் மாற்றுங்கள். ஏறத்தாழ 1.1 மீட்டரில் வைத்தால் தரையும் உத்தரமும் சமமாக வரும். 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால் தூண் வரிசை முழுவதும் தரையில் தலைகீழாக நிற்கும். ஆத்தங்குடிக் கல்லின் அருமை அங்கேதான் தெரிகிறது.

சிபிஎல் ஏமாற்றியதும் அங்கேதான். அதைத் திருப்பினால் தரையின் மினுமினுப்பு போய் நிறம் மட்டும் மிஞ்சும். ஏதோ பிரிண்ட் போட்ட பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். வைட் லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிர் நீலம். ஊருணித் தண்ணீருக்குள் படிகளைக் காட்டவும், மழை பெய்து ஓய்ந்த பின் ஓட்டுக் கூரையின் சிவப்பை எடுக்கவும் மட்டும் இப்போது பயன்படுகிறது.

ஆத்தங்குடிப் பட்டறைகளில் 35 எம்எம் மட்டும் போதும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் நிறக்குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் அதன் மேல் உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவை, பிறகு ஈரக்கலவை. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவார்கள். முகம் மினுங்குவது அந்தக் கண்ணாடியால்தான். சூளையும் கிடையாது, மெருகும் கிடையாது. அச்சைத் தூக்கும் கணம் அரை விநாடிதான். எஃப் 2.8, 1/250 வைத்து, கையின் மேல் ஃபோகஸைப் பூட்டிக் காத்திருந்தால் கிடைக்கும். சிமெண்ட் தூள் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது.

மழைக்காலத்தில் வருபவர்கள் அறைக்குள் முடங்க வேண்டியதில்லை. நாலு பக்கச் சாய்ப்பிலிருந்தும் வளவுக்குள் தண்ணீர் கொட்டும் காட்சி ஐப்பசி, கார்த்திகையில்தான். பின்னால் இருண்ட பத்தி இருக்கும்படி நின்று 1/30 வைத்தால் மழை கோடு கோடாக வரும். 1/500 வைத்தால் தாரை விழும் அண்டாவின் மேல் தெறிக்கும் முத்துகள் தனித்தனியாக வரும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

இந்த மாதங்களில் லென்ஸ் பனிக்கும். ஏசி அறையில் 22 டிகிரியில் தூங்கிய கேமராவைக் காலையில் வெளியே எடுத்தால் கண்ணாடி மூடி, இருபது நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. துடைத்தால் மறுபடி பனிக்கும். படுக்கப் போகும்போதே பையை ஜிப் கவரில் மூடி ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் கிளம்பும் ஒரு மணி நேரம் முன் ஏசியை நிறுத்துங்கள். வீடு திரும்பியதும் லென்ஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, ஈரப்பதம் 45-50 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நீலமணி வெளுத்து இளஞ்சிவப்பானால் வெறும் சட்டியில் சிறு தீயில் வறுத்தெடுக்கலாம், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியாக இருக்கட்டும். 55-210 லென்ஸை ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் பைக்குள்ளேயே விட்டதில் ஓரத்தில் பூஞ்சை நூல் போலப் படர்ந்தது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இருவரும் சேர்ந்து நிற்கும் படத்துக்கு வைட் லென்ஸ் வேண்டாம், ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். 35 எம்எம்-ஐ நெட்டுவாக்கில் வைத்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் தலை முதல் கால் வரை அடங்கும். எஃப் 4-இல் முன்னும் பின்னும் அரை மீட்டருக்கு மேல் தெளிவு கிடைக்கும். நிற்கப் போகும் இடத்தில் பையை வைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, மூன்று விநாடிக்கு ஒன்றாகப் பத்துப் படம் இன்டர்வலில் ஓடவிடுங்கள். போன் ஆப்பை நம்பியதில் நொந்ததுதான் மிச்சம்: அந்தத் தடிமன் சுவர்களைத் தாண்டி வைஃபை நிற்பதில்லை. வளவின் விளிம்பில் நிற்காமல் பத்திக்குள் ஒன்றரை அடி உள்ளே நின்று வளவைப் பார்த்து நின்றால், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே ரிஃப்ளெக்டர். கண்டாங்கிச் சேலை இந்த வெளிச்சத்தில் அள்ளும். ஆனால் பொடிக்கட்டமாக இருந்தால் படத்தில் வானவில் போல அலை ஓடும். ஒரு எட்டு முன்னாலோ பின்னாலோ நகர்ந்து மறுபடி எடுத்தால் போய்விடும்.

விடுமுறை எதற்கு எது என்று கேட்டால்: தீபாவளிக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பறவைகளுக்காகப் பட்டாசே வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் ஊர் அது, சத்தம் போடாமல் நிற்பது நம் கடமை. நத்தைகுத்தி நாரைக் கூட்டத்துக்கு 210 எம்எம் போதும், ஒற்றைப் பறவையின் இறகுக்குப் போதாது. மார்கழிக் கோலத்துக்கு ஆறு மணிக்கே தெருவில் இருக்க வேண்டும், 6.30 வாக்கில் சூரியன் வந்தால் மாக்கோலத்தின் வெண்மை தட்டையாகிவிடும். பொங்கலின்போது சிராவயல் மஞ்சுவிரட்டைத் திடலுக்குள் இறங்கி எடுக்கவே எடுக்காதீர்கள். அவிழ்த்துவிட்ட மாட்டுக்கு எல்லைக்கோடு கிடையாது, உயிர் போயிருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் நகரத்தார் காவடிகளைக் குன்றக்குடிப் பக்கம் விடியலில் பார்க்கலாம். நடப்பவர் கண்ணில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. பிள்ளையார்பட்டிக்குள் கேமரா பையிலேயே இருக்கட்டும். திருமயம் கோட்டை தொல்லியல் துறை வசம், ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருபவர்கள் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறப்பதை நினைவில் வையுங்கள், பொங்கல் டிக்கெட் அன்று காலையே தீர்ந்துவிடும்.

கடைசியாக வாசல் விஷயம். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் (கல்யாணமான குடும்பங்கள்) பங்காளிகள். சாவி பெரும்பாலும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம். இரண்டு பேர் ட்ரைபாடோடு வந்து நின்றால் கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங் என்றே நினைப்பார்கள், அதற்குக் கட்டணம் வேறு. “அண்ணே, வியாபாரத்துக்கு இல்லண்ணே, எங்களுக்காகத்தான் எடுக்குறோம், அரை மணி நேரம் போதும்” என்று ட்ரைபாடை விரிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆச்சி யாராவது இருந்தால் அவரிடம் முதலில். சாமி வீட்டையும் படைப்புச் சாமான்களையும் எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. எடுத்த படத்தில் இரண்டை 5×7 அளவில் மேட் தாளில் பிரிண்ட் போட்டு அடுத்த விடுமுறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பளபளத் தாள் வேண்டாம், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்கிறது. அதில் ஒன்று அந்த வீட்டின் முகப்பாகவும், மற்றது அதைப் பார்த்துக்கொள்பவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாகவும் இருக்கட்டும்.