ஆயிரம் ரூபாய் ஓபிடி கருவியும் கேமனின் பிரேக் விளக்கும்

சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போதே என் பழைய போர்ஷே கேமன் காரில் பிரேக் பேடு தேய்ந்ததைச் சொல்லும் விளக்கு வந்துவிட்டது, 987 மாடல், கையில் வாங்கியபோதே மூன்றாவது ஓனர் நான். அன்று ராத்திரியே ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளைப் போனில் காட்டுவது, ஆர்டர் செய்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் இன்ஜின் சூடு, பேட்டரி வோல்ட்டேஜ், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் அழகாக வருகிறது. பிரேக்? பிழை எதுவும் இல்லையாம். எதிரே விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது!

கருவியைத் திட்டி என்ன பயன், இந்த விலையில் வருபவை பெரும்பாலும் இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட குறியீடுகளைத்தான் படிக்கும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பக்கம் போக அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான ஸ்கேனர் வேண்டும். பேடு விளக்கோ அதைவிட எளிய சங்கதி. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பதுதான் பேடு, அதற்குள் ஒரு ஒயர் இருக்கிறது, பேடு தேய்ந்ததும் டிஸ்க் அதையும் உரசி அறுத்துவிடும், சர்க்யூட் துண்டாகும், விளக்கு எரியும். எந்தச் சக்கரம், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பதெல்லாம் விளக்கைப் பார்த்துத் தெரியாது.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சக்கரத்தைக் கழற்றாமலே நான்கு டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்றார்கள். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி, தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஜாக்கி போட்டுக் கழற்றினார். முன் இடது சக்கரத்தில் வெளிப் பேடு ஐந்து மில்லிமீட்டர் இருந்தது, உள்பேடு இரண்டுகூட இல்லை. சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப் பேடுதான் தெரியும், அதை நம்பித்தான் நானும் டிராக்குக்குப் போனேன். உள்பக்கத்து காலிப்பர் பிஸ்டன், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம், அழுக்கேறி இறுகிக் கிடந்தது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பார்த்தோம், நான்குமே தாராளமாக இருந்தன.

அப்புறம் ஒன்று, பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் டப்பாவில் பிரேக் ஆயில் இறங்கும். கசிவு இல்லையென்றால் அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள், புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது வழிந்து பெயின்ட்டைக் கெடுக்கும். அறுந்த சென்சார் ஒயரையும் மாற்றினால்தான் விளக்கு அணையும், என்னுடையது அப்படித்தான் அணைந்தது.

கருவி இப்போது தம்பியின் ஸ்விஃப்டில் இருக்கிறது. அங்கே செக் இன்ஜின் விளக்கு வந்தபோது குறியீட்டைச் சரியாகச் சொன்னது. கருவிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.